மேட்டுப்பாத்தி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

சென்னையின் தெற்குப் புறநகரில் எங்கள் மனை ஒரு காலத்தில் ஏரியின் ஓரம். மேலே ஓர் அடிக்குக் கட்டட இடிபாடு. அதற்குக் கீழே மழை பெய்தால் அல்வா, வெயில் அடித்தால் ஓடு என்று மாறும் களிமண். அதில் கத்தரி நட்டு இரண்டு வருடம் தோற்ற பிறகுதான் மேட்டுப்பாத்திக்கு வந்தேன். ஹாலோ பிளாக் கல்லை இரண்டு வரிசை வைத்து, உள்ளளவு 8 அடிக்கு 4 அடி, உயரம் 16 அங்குலம் என்று இரண்டு பாத்தி கட்டினோம். ஒரு பாத்திக்கு ஏறக்குறைய 40 கல், 43 கன அடி மண்கலவை. லாரிக்காரர் கணக்கில் இரண்டு பாத்திக்கும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு, அதாவது 100 கன அடிக்கு, சற்றுக் குறைவு.

கீழே எழுதியிருக்கும் கோளாறுகளில் முக்கால்வாசி என் பாத்திகளில் வந்தவை. மீதி, சொந்தக்காரர் வீடுகளில் என்னைக் கூப்பிட்டுக் காட்டியவை. இலையில் ஒரு புள்ளி தெரிந்தால் உடனே கடைக்கு ஓடி ஒரு பாட்டில் வாங்கி வந்து அடிப்பதுதான் முதல் வருடத்தில் நானும் செய்தது. பாதிப் பாட்டில்கள் இன்னும் பரணில் இருக்கின்றன. கோளாறு பெரும்பாலும் இலையில் இல்லை, பாத்தியைக் கட்டிய நாளில் செய்த ஏதோ ஒன்றில் இருந்தது.

தெளிப்பானைத் தொடுமுன் மூன்று சோதனை

முதலில் விரல். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். மேலே பொடியாகக் காய்ந்திருந்தாலும் உள்ளே சில்லென்று இருந்தால் தண்ணீர் வேண்டாம். இன்னும் ஆழம் தெரிய வேண்டுமானால் ஒரு மூங்கில் குச்சியை ஓர் அடி குத்தி, சற்று விட்டு உருவிப் பாருங்கள். எந்த இடம் வரை ஈரம் ஒட்டியிருக்கிறதோ அதுதான் உண்மை.

அடுத்தது குழி. ஒரு சாண் ஆழம் தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் வடிகால் மோசம். ஊற்றிய சில நிமிடங்களிலேயே மாயமானால் மண் எதையும் பிடித்து வைப்பதில்லை.

மூன்றாவதுதான் மனசு வராத வேலை. இருப்பதிலேயே நோஞ்சானான செடியை மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, நார்நாராக இருந்தால் பாத்தி நலம். குற்றம் மேலே எங்கோ. பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தால் அழுகல். முடிச்சு முடிச்சாக இருந்தால் வாடல் பகுதிக்குப் போங்கள்.

தண்ணீர் மேலேயே நிற்கிறது, கிளறினால் அழுகிய முட்டை வாடை

என் முதல் பாத்தியின் கதை இதுதான். கோரை ஏறி வந்துவிடும் என்று பயந்து, அடியில் தடித்த பாலிதீன் ஷீட் விரிக்கச் சொன்னேன். கொத்தனார் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "சார், கீழ ஓட்டை விடாம ஷீட்டு போட்டா இது பாத்தி இல்ல சார், தொட்டி." கோரைக்கு என்ன பண்றது என்றேன். "கோரையாவது உசுரோட இருக்கும் சார்" என்றார். நான் கேட்கவில்லை. ஐப்பசி மழையில் பாத்தி நிரம்பி, கத்தரி மொத்தமும் பத்து நாளில் மஞ்சளாகிச் சாய்ந்தது.

இதே நிலையில் இருந்தால் பாத்தியைப் பிரிக்க வேண்டியதில்லை. கடப்பாரையால் ஒன்றரை அடிக்கு ஒரு இடமாக அடி வரை குத்தி ஷீட்டைக் கிழித்துவிடுங்கள். அடிவரிசைக் கற்களுக்கு இடையே இரண்டடிக்கு ஒரு பூச்சை உளியால் தட்டி எடுங்கள். அன்றைக்கே கறுப்பாகத் தண்ணீர் ஒழுகும். சிமெண்ட் தரைமேல் கட்டியிருந்தால் இந்த ஓரத் துளைகள் இல்லாமல் பாத்தி பிழைக்கவே பிழைக்காது.

ஷீட்டே இல்லாமல் தேங்கினால் மண்ணைச் சந்தேகியுங்கள். லாரியில் செம்மண் என்று வருவதெல்லாம் செம்மண் அல்ல. சில நேரம் சிவந்த களிதான். ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டினால் உடையாமல் நீளக் கயிறாகத் திரிகிறதா? களி அதிகம். அதற்கு மணல் மட்டும் கொஞ்சம் சேர்ப்பது வீண். களியும் மணலும் சேர்ந்து செங்கல் மாதிரி இறுகும். மக்கிய உரம்தான் மருந்து, அதுவும் தாராளமாக. நான் இப்போது பாதி செம்மண், கால்வாசி மக்கிய தொழுஉரம், மீதிக் காலில் மணலும் மக்கிய தென்னை நார்க்கழிவும் என்று போடுகிறேன்.

அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டால் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். பொடிமண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே ஈரம் தங்கி நிற்கும். வேருக்குக் கிடைத்திருக்க வேண்டிய மூன்று அங்குலமும் போச்சு. அதற்குப் பதில் கட்டுவதற்கு முன் கீழே இருக்கும் தரையை ஒரு மண்வெட்டி ஆழம் கொத்திவிடுவது எவ்வளவோ மேல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவிலிருந்து தண்ணீர் உள்ளே புகுந்து பாத்திக்கு மேலேயே போய்விட்டது. அதற்கு எந்த வடிகாலும் பதில் சொல்லாது. சாக்கடை கலந்த வெள்ளம் ஏறிய பாத்தியில் நிற்கும் கீரையைத் தயங்காமல் பிடுங்கிப் போடுங்கள். பச்சையாகத் தின்னும் எதையும் அந்தப் பருவத்தில் அதில் போட வேண்டாம்.

தினமும் ஊற்றுகிறேன், ஆனாலும் மண் உள்ளே காய்ந்து கிடக்கிறது

மேலேயுள்ளதற்கு நேர் எதிர், ஆனால் இதுதான் ஏமாற்றும். பாத்தியின் அடியில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு, நிறையவே பாய்ச்சியாகிவிட்டது என்று குழாயை மூடுவோம். நார்க்கழிவு அதிகம் போட்ட கலவை ஒருமுறை சுத்தமாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. தண்ணீர் அதன்மேல் உருண்டு, மண் சுருங்கிச் சுவரை விட்டு விலகிய விரிசல் வழியாக அப்படியே இறங்கிவிடும். நடுவில் தோண்டினால் மூக்குப்பொடி மாதிரி பறக்கும்.

கைக்கொத்தால் மேலே இரண்டங்குலம் கிளறி, ஓரத்து விரிசலை மண்ணால் அடையுங்கள். பிறகு பூவாளியால் கொஞ்சம் ஊற்றி, ஒரு காபி குடித்துவிட்டு வந்து மறுபடி கொஞ்சம். இப்படி நாலைந்து தடவை. குச்சி ஓர் அடி வரை ஈரம் காட்டும்வரை. அதன்பின் மூடாக்கு: காய்ந்த இலை, வைக்கோல், தென்னை மட்டைத் துண்டு, எது இருக்கிறதோ அது, இரண்டு மூன்று அங்குலம். சித்திரை வைகாசியில் மூடாக்கில்லாத மேட்டுப்பாத்தி, தரைப் பாத்தியைவிடச் சீக்கிரம் காயும். நாலு பக்கச் சுவரும் சூடேறுவதால் ஓரத்துச் செடிக்குத்தான் முதல் அடி.

ஆறு மாதத்தில் மண் மட்டம் நாலு விரல் இறங்கிவிட்டது

கோளாறே இல்லை. தொழுஉரமும் நார்க்கழிவும் மக்கி மண்ணோடு மண்ணாகின்றன. ஒவ்வொரு பட்டத்துக்கு, அதாவது விதைப்புப் பருவத்துக்கு, முன்பும் இரண்டங்குலம் மக்கிய உரம் போட்டு நிரப்புங்கள். முழுக்க நார்க்கழிவும் உரமுமாக, மண்ணே இல்லாமல் நிரப்பியிருந்தால் பாதிக்குக்கூட இறங்கும். அப்போது செம்மண் சேர்த்தே தீர வேண்டும். காசை மிச்சம் பிடிக்க அடியில் மரத்துண்டு, தென்னை மட்டை போட்டவர்களுக்கும் இந்த இறக்கம் நிச்சயம்.

சுவர் வெளியே தள்ளுகிறது

ஈரமண் பக்கவாட்டில் தள்ளும் வேகம் நீளச் சுவரின் நடுவில்தான் தெரியும். பூச்சு இல்லாமல் வெறுமனே அடுக்கிய கல் என்றால், கல்லின் துளைக்குள் நாலடிக்கு ஒரு கம்பியை இறக்கித் தரையில் ஒன்றரை அடி அடித்துவிட்டு, துளையில் கான்கிரீட் நிரப்பினால் போதும். கடப்பா கல்லை நிறுத்திக் கட்டியவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்காவது தரைக்குள் புதைத்திருக்க வேண்டும். மரச்சட்டம் போட்டிருந்தால் தள்ளுவதற்கு முன்பே கரையான் தின்றிருக்கும். நம் ஊரில் பாத்திக்கு மரம் என்பது படத்தில் பார்க்க மட்டும் அழகு.

விதை போட்டேன், ஒன்றும் வரவில்லை

கீரை விதை காணாமல் போனால் குற்றவாளி பெரும்பாலும் எறும்பு. விதைத்த மறுநாள் காலை உட்கார்ந்து பாருங்கள், அரைக்கீரை விதையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகும். விதையோடு நாலைந்து மடங்கு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிசாக எருப்பொடியை வீசி, முளைக்கும்வரை ஈரச் சாக்கால் மூடுங்கள். எட்டிப் பார்த்தவுடன் சாக்கை எடுத்துவிட வேண்டும்.

வெண்டை, பாகல், புடலை போன்ற தடித்த தோல் விதைகளை ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். விதையின் கனத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம், அதற்கு மேல் வேண்டாம்.

முளைத்து, தரை மட்டத்தில் தண்டு நூலாக இளைத்துச் சாய்கிறதா? நாற்றழுகல். தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றில் மழை நாட்களில் சகஜம். நெருக்கமாக விதைப்பதும் மாலையில் ஊற்றுவதும்தான் அதை வளர்க்கின்றன. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. மிச்சம் உள்ளதை இடைவெளி கிடைக்கும்படி கலைத்து, காலையில் மட்டும் தண்ணீர் விட்டு, லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்) கரைத்து வேரில் ஊற்றுங்கள். வாங்கும்போது பாக்கெட்டில் காலாவதித் தேதி பாருங்கள். அது உயிருள்ள சரக்கு, வெயிலில் கிடந்த பாக்கெட்டில் வெறும் மாவுதான் இருக்கும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடி இலைகள் முழுதும் ஒரே சீராக வெளுத்து, செடி வளராமல் குந்தியிருந்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. புதுப் பாத்தியில் இது வந்தால் நார்க்கழிவைப் பிடியுங்கள். மக்காத நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 112 பங்கு. மக்கினால் 24 வரை இறங்கும். பச்சையாகப் போட்டால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போகவேண்டிய தழைச்சத்தையே கடன் வாங்கிக்கொள்கின்றன. மரத்தூளும் அப்படித்தான். கடலைப்புண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு நீர் கலந்து வாரம் ஒருமுறை ஊற்றினால் மூன்று வாரத்தில் நிறம் திரும்பும். வாடைக்கு வீட்டில் திட்டு விழும், அதற்கு மருந்தில்லை.

அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 10 கிராம் கரைத்து இலையில் தெளிக்கலாம்.

கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோலமாகத் தெரிகிறது என்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை, மண் காரமாக இருப்பதால் வேரால் எடுக்க முடியவில்லை. எங்கள் மாதிரி இடிபாடு கொட்டிய மனைகளில் சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணைக் காரமாக்கிவிடும். காய்ந்த மண்ணை ஒரு கரண்டி எடுத்து அதில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். சோடா மாதிரி நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. எனக்கு நுரைத்தது. யாரோ சொன்னார்கள் என்று அதற்கு முந்தின மாதம்தான் அந்தப் பாத்தியில் டப்பா நிறையச் சுண்ணாம்பு வேறு தூவியிருந்தேன்! நுரைக்கிற மண்ணுக்குச் சுண்ணாம்பு, டோலமைட், அடுப்புச் சாம்பல் மூன்றும் ஆகாது. அவசரத்துக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதில் ஒரு எலுமிச்சம்பழச் சாறு, மாலையில் கொழுந்தில் தெளிப்பு. பத்து நாள் விட்டு மறுபடி. நிரந்தரத் தீர்வு தொழுஉரமும் பொறுமையும்.

இலையின் விளிம்பு மட்டும் கருகி, மண்மேல் வெள்ளைப் படலம் பூத்தால் உப்பு. போர் தண்ணீரா, கழுவாத நார்க்கழிவா என்று பிரிக்க வேண்டும். குடிநீர் சுத்திகரிப்பு ஆள் கொண்டு வரும் டி.டி.எஸ். மீட்டரிலேயே (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) போர் தண்ணீரைப் பார்க்கலாம். 450க்குக் கீழ் என்றால் கவலையில்லை. அதிலிருந்து 2000 வரை போகப் போகச் சிக்கல். அதற்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரில் காய்கறி எதிர்பார்க்காதீர்கள். அவரை, பீன்ஸ் இனம் முதலில் கருகும். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பாத்தியில் விடுபவர்கள் உண்டு. அதில் இருப்பது வடிகட்டி ஒதுக்கிய உப்பு. வாஷிங் மெஷின் தண்ணீரும் அப்படியே. உப்பு ஏறிய பாத்திக்கு மழையைப் போல மருந்தில்லை. மூடாக்கை விலக்கி இரண்டு நல்ல மழையை முழுதாக இறங்கவிடுங்கள். வடிகால் துளை திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுவிய உப்பு எங்கே போகும்?

வெண்டையில் நரம்பே மஞ்சள் வலையாகி, காயும் வெளுத்தால் அது சத்துக்குறை அல்ல, வெள்ளை ஈ கொண்டுவரும் நரம்புத் தேமல் நச்சுயிரி. உரம் போட்டுப் பிரயோசனமில்லை. பிடுங்குங்கள்.

செடி வாடி நிற்கிறது

மத்தியானம் இரண்டு மணிக்கு வாடி, மாலை ஐந்தரைக்கு நிமிர்ந்தால் அது வாடல் அல்ல, வெயிலுக்குக் குடை மடக்குவது. பூசணி, சுரை இனம் தினமும் செய்யும். பார்க்க வேண்டிய நேரம் காலை ஆறரை. அப்போதும் தொங்கினால் வேலை இருக்கிறது.

கத்தரியில் நுனிக் கொழுந்து மட்டும் தொங்குகிறதா? நாலு அங்குலம் கீழே கிள்ளிப் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு இருக்கும். தண்டு துளைப்பான்; இதே ஆள்தான் பிறகு காய்க்குள்ளும் போவது. வாடிய நுனிகளைத் தினமும் கிள்ளி நசுக்குவதுதான் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்யும் வைத்தியம். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வரும், லாபம்தான்.

முழுச் செடியும் பச்சையாக இருந்தபடியே ஒரே இரவில் துவண்டுவிட்டது, மண்ணில் ஈரமும் இருக்கிறது. இது தக்காளியிலோ கத்தரியிலோ வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுங்கள். தரையை ஒட்டித் தண்டை வெட்டி, ஒரு சாண் துண்டை, வெட்டுவாய் தண்ணீரில் லேசாகத் தொடும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல வெள்ளையாக ஒன்று நெளிந்து நெளிந்து கீழே இறங்கும். முதல் தடவை பார்த்தபோது, டம்ளருக்குள் யாரோ ஊதுவத்தி ஏற்றிய மாதிரி இருந்தது, தலைகீழாக. அது பாக்டீரியா வாடல். எதை ஊற்றியும் திரும்பாது. செடியை வேரோடு எடுத்துக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வெட்டிய கத்தியைக் கொதிநீரில் போடுங்கள். அந்தப் பாத்தியில் இரண்டு மூன்று வருடம் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம். கீரை, வெண்டை, முள்ளங்கி போடலாம். கத்தரியே வேண்டும் என்று அடம்பிடித்தால் சுண்டைக்காய்ச் செடிமேல் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று வாங்கி நடுங்கள். சுண்டை வேர் இந்த நோயையும், வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும்.

டம்ளரில் ஒன்றும் இறங்கவில்லை, அடி இலைகள் மஞ்சளாகிப் படிப்படியாக வாடுகிறது, தண்டைக் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு என்றால் பூஞ்சை வாடல். இதிலும் செடியைக் கைவிடுவது ஒன்றே வழி. அடுத்த பயிருக்கு முன் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுஉரத்தில் கலந்து, நிழலில் ஈரமாக ஒரு வாரம் வைத்திருந்து பாத்தியில் போடுங்கள்.

செடி சாகவும் இல்லை, வளரவும் இல்லை, மதியமானால் தொங்குகிறது என்றால் வேரைப் பார்த்தே ஆக வேண்டும். வேரில் மிளகு மிளகாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அவரை, தட்டைப்பயறு, நிலக்கடலை வேரில் முடிச்சு இருப்பது நல்லது என்று படித்திருப்பீர்கள். குழம்ப வேண்டாம்: நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது. உதிராது, வேரோடுதான் பிய்யும். ஒரு பட்டம் முழுக்கத் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக நட்டு, பூத்தபின் மண்ணிலேயே மடக்குங்கள். வேப்பம்புண்ணாக்கு சதுர அடிக்கு ஒரு கைப்பிடி. கத்திரி வெயிலில் பாத்தியை நனைத்து, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளால் ஓரம் புதையும்படி நாலிலிருந்து ஆறு வாரம் மூடினால் மேல்மண்ணில் நூற்புழுவும் வாடல் கிருமியும் வெகுவாகக் குறையும். கறுப்புத் தாள் போட்டால் தாள்தான் சூடாகும்.

இலை சுருள்கிறது

மிளகாயில் ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு எலிவால் மாதிரி ஆனால் சிலந்திப்பேன். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு வருடம் சிலந்திப்பேனுக்கு மஞ்சள் அட்டை தொங்கவிட்டேன். அதற்கு இறக்கையே கிடையாது, வந்து எப்படி ஒட்டும்! சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், மாலையில். கடும் வெயில் நாட்களில் அதுவே இலையைக் கருக்கும் என்பதால் சித்திரையில் வேண்டாம். இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் வேப்ப எண்ணெய் 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். மேலே மட்டும் அடிப்பது பூச்சிக்குக் குடை பிடித்த கதை.

தக்காளியில் இலை சிறுத்து, சுருண்டு, செடி புதர் மாதிரி குட்டையானால் இலைச்சுருள் நச்சுயிரி. வெள்ளை ஈதான் இதற்கும் வாகனம். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைச் செடி மட்டத்தில் வையுங்கள். சுருண்ட செடியைப் பிடுங்குங்கள். ஆண்டுதோறும் வந்தால், இந்த நோயைத் தாங்கும் அர்கா ரக்ஷக் போன்ற வீரிய ரகத்துக்கு மாறுங்கள். அதன் விதையை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அதே குணம் வராது.

பூக்கிறது, காய்ப்பதில்லை

தக்காளி சித்திரையில் பூவை உதிர்த்தால் சண்டை போடாதீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராவிட்டால் மகரந்தம் வேலை செய்யாது. 50 சதவீத நிழல்வலை செடியைக் காப்பாற்றும், காயைக் கொண்டுவராது. சென்னையில் தக்காளியைப் புரட்டாசி, ஐப்பசியில் நாற்றுவிட்டு மார்கழி, தையில் காய்க்கவிடுவதுதான் புத்தி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னார்களே என்றால், வெண்டை, கொத்தவரை, அவரை, சுரைக்கு அது அப்படியே பொருந்துகிறது.

சுரை, பீர்க்கை, புடலை, பூசணியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. பிஞ்சு மாதிரி அடியில் சின்னக் காய் ஒட்டியிருப்பதுதான் பெண். அந்தப் பிஞ்சு வெம்பி மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். நேரம்தான் முக்கியம்: பூசணியும் பாகலும் காலையில் மலரும், சுரையும் பீர்க்கையும் சாயங்காலம். காலை வாக்கிங் முடித்து வந்து சுரைப்பூவைத் தேடினால் சுருங்கிய பூதான் கிடைக்கும். நான் விளக்கு வைக்கிற நேரத்தில் போகிறேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சுரைக்காய்க்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள்.

கரும்பச்சையாகக் கொழுத்து வளர்ந்து பூவே இல்லை என்றால் உரம் அதிகம். ஒரு மாதம் எதுவும் போடாதீர்கள். நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத பாத்தியில் கீரை, புதினாவோடு திருப்திப்பட வேண்டும்.

தக்காளியின் அடியில் கறுப்பு வட்டம்

காம்புக்கு எதிர்ப்பக்கம், தோல் மாதிரிக் காய்ந்த கறுப்புத் தழும்பு. நோய் அல்ல, பூச்சி அல்ல. காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் இருந்தும் சேராததற்குக் காரணம், இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளமாக்குவது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது புண்ணியம்தான், ஆனால் அது கரைந்து செடிக்குப் போவதற்குள் பட்டமே முடிந்துவிடும். மூடாக்கும் சீரான தண்ணீரும் கொடுத்தால் அடுத்த கொத்து சுத்தமாக வரும்.

கோரையும் வேர்களும்

கோரையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே இருந்து மூன்றாக வரும். கட்டும்போதே அடியில் அட்டைப்பெட்டியை இரண்டு மூன்று மடிப்பாக நனைத்து விரிப்பது கொஞ்ச காலம் தடுக்கும். பாலிதீன் மாதிரி தண்ணீரை நிறுத்தாது. வந்துவிட்டால் கைக்கொத்தால் கிழங்கோடு எடுப்பது தவிர வழியில்லை.

பாத்தி திடீரென்று இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கிறதா? தோண்டினால் மெல்லிய நார்வேர் பாய் முடைந்த மாதிரி இருக்கிறதா? பக்கத்துத் தென்னையோ வேம்போ கீழிருந்து ஏறிவிட்டது. வருடம் ஒருமுறை பாத்தியைச் சுற்றிக் கடப்பாரை ஆழம் பள்ளம் வெட்டி வேரை அறுக்கலாம். மரத்தின் கிளை விரிவுக்கு வெளியே பாத்தியைத் தள்ளிவைத்திருந்தால் இந்த வேலையே இல்லை.

மாடியில் கட்டினேன், கீழ்வீட்டுக் கூரையில் ஈரக்கறை

உடனே மண்ணை அள்ளுங்கள். என் அளவில் ஒரு பாத்தியின் நனைந்த மண் மட்டும் 1,800 கிலோவை நெருங்கும். சதுர மீட்டருக்கு 600 கிலோ. ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை கணக்கில் வைக்கும் பளு சதுர மீட்டருக்கு 150 கிலோ. மாடிக்கு நார்க்கழிவுக் கலவை போட்ட பைகள் போதும், அவையும் தூண், உத்தரம் இருக்கும் ஓரங்களில்.

எல்லாம் சரி, பழம் மட்டும் காணோம்

பழுத்த தக்காளி ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி. எலி என்று முடிவுகட்டி ஒரு மாதம் கூண்டு வைத்தேன், ஒரு மூஞ்சூறுதான் மாட்டியது. ஒரு நாள் விடிகாலையில் பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோது, மதில்மேல் இரண்டு அணில்கள் வந்து, ஆளுக்கொரு பழத்தைக் கடித்து, பிடிக்காமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயின. கொண்டைக்குருவி ஒன்று மிச்சத்தைக் கொத்தியது. வலை போட்டால் அணில் வலையைக் கடிக்கிறது. இப்போது பழத்தின் அடியில் வெளிர்மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ நிறம் திரும்பியவுடன் பறித்து, சமையலறையில் ஒரு கூடையில் செய்தித்தாள் போட்டு வைத்துவிடுகிறோம். நாலைந்து நாளில் நன்றாகவே பழுக்கிறது. ஒரு கிளையை மட்டும் பறிக்காமல் விடச் சொல்லி அம்மாவின் உத்தரவு.